விழிப்போடு இருக்கும் நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பது: எத்தனை மணி நேரம், எப்போது நிறுத்துவது?

வார்டு_சிஸ்டர் (கேள்வி)

வணக்கம். வென்டிலேட்டரில் இருப்பவர்களைப் பற்றியது அல்ல இந்தக் கேள்வி. தானாக மூச்சுவிட்டுக்கொண்டு, பேசிக்கொண்டு, சொன்னதைக் கேட்கிற நிலையில் எச்டியு (சாதாரண வார்டுக்கும் ஐசியுவுக்கும் இடைப்பட்ட) வார்டில் இருப்பவர்களைப் பற்றியது.

ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். வைரஸ் காய்ச்சலைத் தொடர்ந்து இரண்டு பக்கமும் நிமோனியா. ஐம்பதுகளில் வயது, கொஞ்சம் பருத்த உடம்பு. எச்எஃப்என்சி (மூக்குக் குழாய் வழியே ஆக்சிஜன் கலந்த காற்றை வேகமாகத் தருவது) ஓடுகிறது, நிமிடத்துக்கு 50 லிட்டர், எஃப்ஐஓ2 (அந்தக் காற்றில் ஆக்சிஜனின் பங்கு) 60 சதவீதம். மல்லாந்து படுத்தால் சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதம்) 91, 92. குப்புறப் படுத்தால் பத்து நிமிடத்தில் 96. ஆனால் 20 நிமிடம் ஆனதும் கழுத்து வலி, மூச்சு முட்டுகிறது என்று திரும்பிவிடுகிறார். திரும்பி அரை மணியில் பழையபடி 92. கேஸ் ஷீட்டில் 'முடிந்தவரை ப்ரோன்' (குப்புற) என்று மட்டும் எழுதியிருக்கிறது.

1. இப்படி 20 நிமிடத் துண்டுகளாகச் செய்வதில் பயன் உண்டா? ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு வேண்டும்?
2. கட்டிலுக்கு ஒரு தலையணைதான். எங்கே எதை வைப்பது?
3. திருப்பியதும் சாச்சுரேஷன் இறங்கினால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம்?
4. குப்புறப் படுத்தால் 96 வருகிறதே, அப்படியானால் எச்டியுவிலேயே வைத்துக்கொள்ளலாமா?

ஐசியு_டாக்டர்

நான்காவது கேள்வியிலிருந்து வருகிறேன், ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம். மல்லாந்து படுத்தால் இதயத்தின் எடையும், வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளுவதும், வீங்கிக் கனத்த நுரையீரலின் சொந்த எடையும் சேர்ந்து அந்தப் பின்பகுதியை அமுக்கிவிடும். ரத்த ஓட்டமோ எப்படிப் படுத்தாலும் பின்பகுதிக்குத்தான் அதிகம். காற்று போகாத இடத்துக்கு ரத்தம் போய், ஆக்சிஜன் ஏற்றிக்கொள்ளாமலே திரும்பி வருகிறது. குப்புறப் படுத்ததும் அமுக்கம் விலகி, சுருங்கிய காற்றறைகள் திறக்கின்றன. பத்து நிமிடத்தில் 96 வருவது இதனால்தான். நோய் அப்படியே இருக்கிறது, காற்றும் ரத்தமும் சந்திக்கிற இடம் மட்டும் மாறியிருக்கிறது. மல்லாந்ததும் 92க்கு வருவதும் எதிர்பார்க்க வேண்டியதே, அதைத் தோல்வி என்று எழுதாதீர்கள்.

ஆகவே 96 என்ற எண்ணை மட்டும் வைத்து 'ஐசியு வேண்டாம்' என்று முடிவெடுக்கக் கூடாது. எண் நன்றாக இருக்க, மூச்சுவிடும் உழைப்பு ஏறிக்கொண்டே போகும். கடைசியில் களைத்துப்போன நிலையில் நள்ளிரவில் அவசரமாக ட்யூப் போட (மூச்சுக்குழாயில் குழாய் செருகி வென்டிலேட்டரில் இணைக்க) நேரும். அதைவிட மோசமான இன்ட்யூபேஷன் கிடையாது.

இனி, எவ்வளவு நேரம் என்ற கேள்வி. வென்டிலேட்டரில் இருக்கும் கடுமையான ஏஆர்டிஎஸ் (நுரையீரல் பரவலாக வீங்கி ஆக்சிஜன் ஏறாத நிலை) நோயாளிகளுக்கு விடை 2013இலேயே வந்துவிட்டது. பெரும்பாலும் பிரான்சில் நடந்த ப்ரொசேவா ஆய்வில் 466 பேர். ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் குப்புற வைத்ததில் 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16க்கு இறங்கியது. அந்த எண்ணை அப்படியே விழிப்போடு இருப்பவருக்குத் தூக்கி வைக்க முடியாது. அங்கே நோயாளி மயக்கத்தில் இருக்கிறார், கழுத்து வலிக்கிறது என்று புகார் சொல்ல மாட்டார்.

விழிப்போடு இருப்பவர்களுக்கான பெரிய ஆய்வு 2021இல் வந்தது. கனடா, பிரான்ஸ், அயர்லாந்து, மெக்சிகோ, ஸ்பெயின், அமெரிக்கா ஆறு நாடுகளிலும் சேர்த்து 1,100க்கு மேற்பட்ட கோவிட் நோயாளிகள், எல்லோரும் எச்எஃப்என்சியில். 28 நாளுக்குள் ட்யூப் போட நேர்ந்தவர்கள் அல்லது இறந்தவர்கள் குப்புறப் படுத்த குழுவில் 40 சதவீதம், மற்றதில் 46. இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால் உறுதியான வித்தியாசம் இல்லை. ட்யூப் போடுவதைக் குறைக்கும்; ஆனால் உயிரைக் காக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. குடும்பத்தாரிடமும் அந்த அளவுக்கே சொல்லுங்கள்.

அதே ஆய்வில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்தைத் தொட்டவர்களுக்குப் பலன் தெளிவாக அதிகம். இதில் ஒரு சிக்கல் உண்டு: 8 மணி நேரம் படுக்க முடிகிறவர் ஒருவேளை ஆரம்பத்திலேயே கொஞ்சம் தேவலையாக இருந்தவராக இருக்கலாம். இருந்தாலும் கையில் இருக்கும் நல்ல இலக்கு அதுதான். 20 நிமிடத் துண்டுகள் வீண் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நாலைந்து துண்டு சேர்த்தாலும் இரண்டு மணி நேரம் தாண்டாது. அவர் ஏன் 20 நிமிடத்தில் திரும்புகிறார் என்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதுதான் உண்மையான வேலை. அதைப் பிசியோ யாராவது எழுதினால் நன்று.

யாருக்குக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூச்சு நிமிடத்துக்கு 35க்கு மேல் போய்க் கழுத்துத் தசைகளை இழுத்து மூச்சுவிடுகிறவர், சிஸ்டாலிக் பிபி 90க்குக் கீழே இருப்பவர், குழப்பத்தில் அல்லது தூக்கக் கலக்கத்தில் இருப்பவர், கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருப்பவர்: இவர்களுக்குத் தேவை தலையணை இல்லை, ஐசியு. முதுகெலும்பு, இடுப்பு, தொடை எலும்பு முறிவு, அண்மையில் வயிற்று அறுவை, வடிகுழாய் போடாத நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்த நிலை) இருந்தாலும் வேண்டாம். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த கட்டி இருந்து சிகிச்சை தொடங்கி 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் காத்திருங்கள்.

சுவாச_பிசியோ

டாக்டர் சொன்ன 'ஏன் திரும்புகிறார்' என்பதற்குப் பெரும்பாலும் நான்கே காரணங்கள்: கழுத்து, வயிறு, இடுப்பு முதுகு, பயம். முதல் மூன்றும் தலையணைச் சங்கதி.

தலையணை இல்லாவிட்டால் கம்பளியை இறுக்கச் சுருட்டி, மேலே பெட்ஷீட்டைச் சுற்றி, இரண்டு பக்கமும் கட்டுங்கள். தலையணையைவிட இது நல்லது, உடம்பு எடையில் அமுங்கிப் போகாது. மத்திய சுகாதார அமைச்சகம் 2021 ஏப்ரலில் வெளியிட்ட குறிப்பில் 4, 5 தலையணை கேட்டது. வார்டில் மூன்று சுருளும் ஒரு தலையணையும் போதும்.

மார்புக்கு ஒரு சுருள். காறையெலும்புக்குக் கொஞ்சம் கீழே தொடங்க வேண்டும், தொண்டையில் இடிக்கக் கூடாது. பெண்களுக்கு மார்பகம் சுருளுக்கு அடியில் நசுங்காமல் மேலேயோ பக்கவாட்டிலோ ஒதுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கூச்சத்தில் அவர்களே சொல்ல மாட்டார்கள், திரையை இழுத்துவிட்டு நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இடுப்பெலும்புக்கு இரண்டாவது சுருள். இந்த இரண்டுக்கும் நடுவில் வயிறு தொங்கலாக இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், பெரும்பாலும் தவறிப்போவதும் இதுதான். ஒரே நீளத் தலையணையை மார்பிலிருந்து தொடை வரை நெடுக வைத்தால், பருத்த உடம்புக்காரருக்கு வயிறு அமுங்கி, உதரவிதானம் மேலே ஏறி, மூச்சு முட்டும். உங்கள் மாதிரி நோயாளி 'மூச்சு முட்டுகிறது' என்று சொல்வதும் அதனால் இருக்கலாம். வயிற்றுக்கு அடியில் உங்கள் கை தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள். இடுப்புச் சுருளின் விளிம்பு தொடை மடிப்பில் குத்தக் கூடாது. அங்கே ஓடும் நரம்பு அழுந்தினால் தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகும், சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும்.

மூன்றாவது சுருள் முழங்காலுக்குக் கீழே, கணுக்காலுக்கு மேலே. முழங்கால் லேசாக மடங்கினால் இடுப்பு முதுகு வலி பாதி போய்விடும், கால்விரல் மெத்தையில் குத்தாது.

தலைக்கு மெல்லிய தலையணை போதும். தடிமனாக வைத்தால் கழுத்து பின்னால் வளைந்து வலிக்கும். முகம் திரும்பியிருக்கும் பக்கத்துக் கையை மேலே, தோள் உயரத்துக்கு மேல் போகாமல், முழங்கையை மடக்கி வைக்கலாம். மற்றக் கை உடம்போடு கீழே. விழிப்போடு இருப்பவர் தானே மாற்றிக்கொள்வார், 'கையை அசைக்கக் கூடாது' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விரல் மரத்தால் உடனே சொல்லச் சொல்லுங்கள். கட்டிலின் தலைப்பக்கத்தை 10 முதல் 15 டிகிரி உயர்த்தி முழுக்கட்டிலையும் சாய்த்தால் முகவீக்கம் குறையும், எதுக்களிப்பும் குறையும்.

இத்தனை செய்தும் முழுக்கக் குப்புறப் படுக்க முடியாதவருக்கு முக்கால் கவிழ்ப்பு: ஒரு பக்கம் மட்டும் மார்பிலிருந்து இடுப்பு வரை தலையணை கொடுத்து, அந்தப் பக்கத்துக் காலை மடக்கிப் போட்டு, பாதி ஒருக்களித்தாற்போல. வயிறு பெரியவர்களுக்கு இதுவே சரியாக வரும். கர்ப்பிணிகளுக்குப் பிரசவ டாக்டரைக் கேட்காமல் குப்புறப் படுக்கை வேண்டாம். பிந்திய மாதங்களில் இடப்பக்கம் ஒருக்களிப்பதிலிருந்து தொடங்குங்கள்.

பயத்துக்கு மருந்து, அழைப்பு மணி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான். செல்போனையும் முகத்துக்கு நேராக வைத்துக் கொடுங்கள். முதல் 10 நிமிடம் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும். குப்புறப் படுத்தவருக்கு வார்டே தெரியாது, யார் வருகிறார் போகிறார் என்று தெரியாமல்தான் பதறுகிறார். ஆனால் படுக்க வைப்பதற்காக வார்டில் தூக்க ஊசி போடவே கூடாது.

நைட்_டியூட்டி

குழாய் சமாச்சாரத்தை யாரும் எழுதவில்லை. சாச்சுரேஷன் இறங்கியதும் நோய் முற்றிவிட்டது என்று பதறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை:

என்ஆர்பிஎம் மாஸ்க் (ஆக்சிஜன் பை தொங்கும் மாஸ்க்) என்றால் அந்தப் பை எங்கே என்று பாருங்கள். மார்புக்கோ தலையணைக்கோ அடியில் நசுங்கிக் கிடக்கும். பை உப்பாமல் அந்த மாஸ்க் வெறும் மாஸ்க்தான். பையை முகத்தின் பக்கவாட்டில் தொங்கவிட்டு, 15 லிட்டரில் வைத்து, மூச்சை இழுக்கும்போதும் முழுக்கச் சுருங்காமல் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

எச்எஃப்என்சி என்றால் குழாய்க்குள் தேங்கும் தண்ணீர். குழாய் மூக்கைவிட உயரத்தில் இருந்தால் அந்தத் தண்ணீர் நேரே மூக்குக்குள் வரும், நோயாளி இருமிக்கொண்டு எழுந்துவிடுவார். குழாயைக் கட்டிலின் பக்கவாட்டில், மூக்குக்குக் கீழான மட்டத்தில் கொண்டுபோங்கள். ப்ராங் (மூக்கில் செருகும் முனை) ஒரு மூக்குத்துளைக்குள் மட்டும் அழுந்தியிருந்தால் புண்ணாகும்.

சாச்சுரேஷன் பார்க்கும் விரல் ப்ரோப் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டால் பொய் எண் காட்டும். அலை சீராக இருக்கிறதா பாருங்கள், எண்ணை அப்புறம் நம்பலாம். மருதாணி, நகப்பூச்சு இருந்தால் வேறு விரல். ஈசிஜி ஸ்டிக்கரை முதுகுக்கு மாற்றுங்கள், மார்பில் விட்டால் தோலில் பதிந்து புண்ணாகிவிடும்.

திருப்புவதற்கு முன்: சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், சிறுநீர் கழித்திருக்க வேண்டும், வென்ஃப்ளானை (கையில் போட்ட ஊசிக் குழாயை) ஒட்டியிருக்க வேண்டும், யூரின் பேக் திரும்பப் போகும் பக்கத்துக்கு மாறியிருக்க வேண்டும். முழங்கை மடிப்பில் போட்ட வென்ஃப்ளான் குப்புறப் படுத்தால் ஓடாது, கையை நீட்டியே வைக்கச் சொல்லி அவரை வதைக்காமல் இடத்தை மாற்றிப் போடுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு: திரும்புகிற சிரமத்திலேயே சில புள்ளிகள் இறங்கும், சில நிமிடத்தில் ஏறும். 15 நிமிடம் ஆகியும் பழைய எண்ணுக்கே வரவில்லை என்றால் ஆக்சிஜன் இணைப்பு, ப்ரோப், படுக்கை நிலை மூன்றையும் சரிபார்த்து, அப்படியும் ஏறாவிட்டால் உட்கார வையுங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். வேகமாக 85ஐ நோக்கி இறங்கினாலோ, பேச முடியாமல் திணறினாலோ 15 நிமிடம் என்ற பேச்சே இல்லை.

பொது_மருத்துவம்

கேட்கிறேன், இவ்வளவு எளிதான, செலவில்லாத விஷயத்தை 2 லிட்டர் ஆக்சிஜனில் இருப்பவர் உட்பட எல்லோருக்கும் முதல் நாளே தொடங்கினால் என்ன? நிமோனியா என்று அட்மிட் ஆனாலே குப்புற.

ஐசியு_டாக்டர்

அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடா, அமெரிக்க வார்டுகளில் குறைந்த ஆக்சிஜனில் இருந்த 248 கோவிட் நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2022இல் வந்தது. பலன் தெரியவில்லை என்று பாதியிலேயே நிறுத்தினார்கள். படுத்த நேரமும் கொஞ்சம்தான், முதல் 72 மணி நேரத்தில் பாதிப் பேர் 6 மணி நேரத்தைக்கூடத் தாண்டவில்லை. மூச்சுத்திணறல் இல்லாதவருக்குக் குப்புறப் படுப்பதில் லாபம் தெரிவதில்லை, எனவே படுக்க மாட்டார். வற்புறுத்தினால் உங்கள் சிஸ்டர்களின் நேரம்தான் போகும். எச்எஃப்என்சி, என்ஐவி (ட்யூப் இல்லாமல் மாஸ்க் வழியே வென்டிலேட்டர்) அல்லது அதிக அளவு என்ஆர்பிஎம் தேவைப்படுகிறவர்களுக்கு அந்த உழைப்பைச் செலவிடுங்கள்.

இன்னொன்று, 'நிமோனியா என்றாலே' என்பதில் உடன்பாடில்லை. விழிப்போடு இருப்பவர்களை வைத்து நடந்ததாக மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் கோவிட்டில் நடந்தவை. இன்ஃப்ளுயன்ஸா போல இரண்டு பக்கமும் பரவும் வைரஸ் நிமோனியாவுக்கு அதே நியாயம் பொருந்தும் என்று நீட்டிக்கிறோம். ஒரு பக்கம் மட்டும் நிமோனியா என்றால் நல்ல நுரையீரல் கீழே வருமாறு ஒருக்களித்தாலே சாச்சுரேஷன் ஏறும், முழுக்கக் கவிழ்க்க வேண்டியதில்லை. ரத்தம் ரத்தமாக இருமுகிறவருக்கும் நுரையீரலில் சீழ்க்கட்டி உள்ளவருக்கும் மட்டும் இது தலைகீழ்: கெட்ட பக்கம் கீழே, இல்லாவிட்டால் ரத்தமும் சீழும் நல்ல பக்கத்துக்கு வழியும். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தவரைக் குப்புறப் போடாதீர்கள், அவருக்கு உட்கார்ந்த நிலைதான்.

வார்டு_சிஸ்டர்

நன்றி. இரண்டு சந்தேகம் மிச்சம். எப்போது ஐசியுவுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்கு எண் ஏதாவது உண்டா? 8 மணி நேரத்தைச் சாப்பாடு, ரவுண்ட்ஸ், எக்ஸ்ரே எல்லாவற்றுக்கும் நடுவில் எப்படிப் பொருத்துவது?

ஐசியு_டாக்டர்

எச்எஃப்என்சியில் இருப்பவருக்கு ராக்ஸ் இன்டெக்ஸ் போடுங்கள். சாச்சுரேஷனை எஃப்ஐஓ2ஆல் வகுத்து, வந்ததை மூச்சு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 92ஐ 0.6ஆல் வகுத்தால் 153, அதை மூச்சு எண்ணிக்கையான 30ஆல் வகுத்தால் 5.1. எச்எஃப்என்சி தொடங்கி 2, 6, 12 மணி நேரத்தில் பார்த்து 4.88க்கு மேல் இருந்தால் ட்யூப் தேவைப்படும் வாய்ப்பு குறைவு. 2 மணியில் 2.85, 6 மணியில் 3.47, 12 மணியில் 3.85 என்ற அளவுகளுக்குக் கீழே போனால் காத்திருக்காமல் ஐசியுவைக் கூப்பிடுங்கள். இடையில் இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் மறுபடி போடுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. சாச்சுரேஷன் 92இலிருந்து 97க்கு ஏறினாலும் ராக்ஸ் 5.1இலிருந்து 5.4க்குத்தான் போகும். அதே நேரம் எஃப்ஐஓ2 70, மூச்சு 36 ஆகிவிட்டால் 92க்கு 3.65. முடிவைத் தீர்மானிப்பது மூச்சு எண்ணிக்கை. அதையோ மானிட்டரைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். ஸ்டிக்கர் முதுகில் இருக்கும்போது மானிட்டர் காட்டும் மூச்சு எண்ணிக்கை நம்பத்தக்கதல்ல. முதுகைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எந்த நிலையில் எடுத்த அளவு என்பதையும் பக்கத்தில் 'கு', 'ம' என்று குறியுங்கள். காலை குப்புறவும் மாலை மல்லாந்தும் எடுத்த எண்களை ஒப்பிட்டுக் குழம்புவது இதனால் நிற்கும். என்ஆர்பிஎம்மில் எஃப்ஐஓ2 எவ்வளவு என்று துல்லியமாகத் தெரியாது, அங்கே ராக்ஸ் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

குப்புறப் படுத்து 96 வந்ததும் அடுத்துச் செய்ய வேண்டியது எஃப்ஐஓ2வைக் குறைப்பது. 92 முதல் 96 வரை இருந்தால் போதும் (பழைய சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவருக்கு 88 முதல் 92). 50 லிட்டர் ஓட்டத்தில் 60 சதவீதம் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 25 லிட்டர் ஆக்சிஜன் போகிறது. 50 சதவீதத்துக்கு இறக்கினால் 18 சொச்சம். சிலிண்டரில் ஓட்டும் இடங்களில் இது சின்ன வித்தியாசம் இல்லை, 7,000 லிட்டர் கொள்ளும் டி டைப் சிலிண்டர் நாலே முக்கால் மணிக்குப் பதிலாக ஆறே கால் மணி நேரம் வரும்.

சுவாச_பிசியோ

நேரத்துக்கு: சாப்பாட்டை நடுவில் வைத்துக்கொண்டு பிரியுங்கள். காலை 8 மணி டிபன், 1 மணி சாப்பாடு, இரவு 7:30 என்று வைத்தால், விடிகாலை 5:30 முதல் 7:30 வரை, 9:30 முதல் 12:30 வரை, 2:30 முதல் 4 வரை, இரவு 9 முதல் 12 வரை. எல்லாம் சேர்த்து 9:30 மணி நேரம், ஒன்றைத் தவறவிட்டாலும் ஆறுக்குக் கீழே இறங்காது. இரவு சுற்று ரொம்ப முக்கியம், அந்த நிலையிலேயே தூங்கிவிட்டால் மானிட்டர் சரியாக இருக்கும்வரை எழுப்பாதீர்கள். இடைப்பட்ட நேரத்தில் மல்லாந்து படுக்க விடாமல் வலம், இடம், சாய்ந்து உட்கார்தல் என்று மாற்றுங்கள். முதல் நாளே மூன்று மணி நேரச் சுற்று வராது. அரை மணியில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் 15 நிமிடம் கூட்டுங்கள்.

ரவுண்ட்ஸ் வந்தால் திருப்ப வேண்டாம், முதுகுப் பக்கம் ஸ்டெத் வைத்துக் கேட்பதுதான் இவர்களுக்கு எப்படியும் தேவை. எக்ஸ்ரேயையும் ரத்தம் எடுப்பதையும் டிபன் நேரத்துக்குத் தள்ளுங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நெற்றி, காது, கன்னம், முகவாய், இடுப்பெலும்பு, முழங்கால், ஆண்களுக்குப் பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அழுத்தினால் வெளுக்காத சிவப்பு இருந்தால் அடுத்த சுற்றில் அந்த இடம் படக் கூடாது.

நைட்_டியூட்டி

இரவு சுற்றில் ஒன்று: 12 மணிக்குத் திருப்பும்போது ஆள் குறைவு, நோயாளி தூக்கக் கலக்கத்தில் இருப்பார். அட்டெண்டரை மட்டும் நம்பித் திருப்பாதீர்கள். ஒருவர் எச்எஃப்என்சி குழாயையும் முகத்தையும் பிடிக்க வேண்டும், இன்னொருவர் ட்ரிப்ஸ் பக்கம். கட்டில் கம்பியை எதிர்ப்பக்கம் ஏற்றிவிட்டு, குழாய் இருக்கும் பக்கத்தை நோக்கியே திருப்புங்கள்.